மலை தெரியாவிட்டால் மறுபடி வரலாம்

ஓய்ஷி, கவாகுச்சி ஏரி வடகரை
மே 12

அன்புள்ள மிசாவோ அக்காவுக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து முடிந்தது. ஏரியில் கை வைத்தால் சுரீர் என்று ஏறும் குளிரும் போய்விட்டது. அங்கே உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே என் வீட்டுக்காரி யோஷினோவுக்கு முழங்கால் வலி. எனக்கு அவள் முழங்காலைப் பற்றிக் காலை மாலை கேட்கிற வலி. மற்றபடி குறைவில்லை.

நீ அனுப்பிய புதுத் தேயிலை வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக் குடித்தது எங்கள் ஊர்த் தண்ணீரில் என்பதையும் மறந்துவிடாதே.

எங்கள் விடுதியில் ஓர் அறைகூடக் காலியில்லை. போன வாரம் ஒசாகாவிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தாள். காலையில் ஜன்னலைத் திறந்தவள் கலைந்த தலையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். "ஐயா, இது நெசமாவே ஃபூஜி மலைதானா? இல்ல, யாராச்சும் வரைஞ்சு மாட்டி வெச்சிருக்கீங்களா?" என்றாள். "வரைஞ்சதுதாம்மா. தெனமும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நான்தான் வரையறேன்" என்றேன். அவள் புருஷன் நம்பிவிட்டான் என்று நினைக்கிறேன், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு விஷயம். நவம்பர் பதினேழாம் தேதி அம்மாவின் பதின்மூன்றாம் ஆண்டுச் சடங்கு, இறந்த வருடத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. எத்தனை பேருக்கு உட்கார மெத்தை போட வேண்டும் என்று கோயில் பிக்கு கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். எல்லாருக்கும் கணக்கு இருக்கிறது, இரண்டு மெத்தைக்குத்தான் பதில் தெரியவில்லை. நம் வீடுகளுக்கு நடுவே கடலா இருக்கிறது? ஒரே ஒரு மலை. சுற்றிக்கொண்டு வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

வெயில் ஏறுகிறது, தொப்பி இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதே.

தம்பி
மோரியோ


ஃபுஜினோமியா
மே 28

தம்பி மோரியோவுக்கு,

மழைக்காலம் தொடங்குவதற்குள் துணியெல்லாம் காயப் போட்டு எடுத்துவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருக்கிறேன். யோஷினோவின் முழங்காலுக்கு இஞ்சி ஒத்தடம் கொடு. கேட்க அலுப்பாக இருந்தால் ஒத்தடம் கொடுக்கிற நேரத்திலாவது வாய் மூடியிருக்கும், அவளுடையது அல்ல, உன்னுடையது.

மெத்தை விஷயம் கேட்டிருந்தாய். உனக்கு மறதி அதிகம், ஞாபகப்படுத்துகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால், அம்மாவின் முதலாண்டுச் சடங்கில், சொந்தபந்தம் அத்தனையும் உட்கார்ந்திருக்க, சாக்கே மது தலைக்கேறி என் புருஷனைப் பார்த்து என்ன சொன்னாய்? "முன்பக்கத்துல பொறந்த பொண்ண மலைக்குப் பின்பக்கம் இழுத்துட்டுப் போயிட்டீங்களே அத்தான், பாவம், அவளுக்கு முதுகுதான் தெரியுது." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். எழுந்தபோது நான் சொன்னதும் உனக்கு மறந்திருக்கும்: "மலையோட மொகம் எங்க பக்கம்தான் இருக்கு. அது என்னைக்கு உன் பக்கம் திரும்புதோ, அன்னைக்கு உன் வாசல்ல கால் வைக்கிறேன்."

இன்று காலை மாடியிலிருந்து பார்த்தேன். இன்னும் திரும்பவில்லை. வெயில் படுவதும் கடலைப் பார்ப்பதும் எங்கள் தெற்குப் பக்கம். வாசல் எது, கொல்லை எது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வடக்கே உட்கார்ந்துகொண்டு நிழலைக் காட்டிக் காசு வாங்குகிற சாமர்த்தியம் உனக்குத்தான் வரும்.

அம்மாவுக்கு இங்கேயே ஊதுவத்தி ஏற்றிவிடுகிறேன். ஈரத் தலையோடு ஏரிக்காற்றில் நிற்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

உன் அக்கா
மிசாவோ


ஓய்ஷி
ஜூலை 6

அக்காவுக்கு,

எப்போது மழை விடும் என்று தவளைக்கும் தெரியாத நாட்கள். உங்கள் பக்கம் மண் சரிந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். உங்கள் தெருவுக்கு ஒன்றுமில்லையே?

கரைப் பூங்காவில் லாவெண்டர் பூத்துக் கிடக்கிறது. முன்னால் ஊதா, நடுவில் ஏரி, பின்னால் மலை. உல்லாசப் படகில் அறிவிப்புச் சொல்கிற பெண்ணுக்கு லீவு என்பதால் நேற்று நான் மைக் பிடித்தேன். "உங்க எடது கை பக்கம் பாருங்க, ஃபூஜி மலையோட முன்பக்கம்" என்று தொடங்கினேன். கடைசி வரிசையில் ஒரு கிழவர், "யோவ், நான் ஷிசுவோகாக்காரன், பின்பக்கத்தக் காட்டிட்டு என்னய்யா பேசற?" என்று எழுந்துவிட்டார். "பெரியவரே, உக்காருங்க, படகு கவுந்தா நீச்சலடிச்சு முன்பக்கம் போவீங்களா?" என்றேன். படகே சிரித்தது. அவரும் சிரித்தார். இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். உங்கள் ஆட்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வாரம் புது ஆயிரம் யென் நோட்டு வந்துவிட்டது, பார்த்தாயா? பழைய நோட்டின் முதுகில் இருந்தது எங்கள் மொதோசு ஏரியும் மலையும். இத்தனை வருடம் என் பக்கத்து மலையை நாலாக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போனாய். புதியதில் கடல் அலை பூதாகாரம், மலை கடுகளவு. உங்கள் கடல்காரர்கள் செய்த வேலையாக இருக்கும்.

பீச் பழம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அழுத்திப் பார்க்காதே, கன்றிப் போகும். வயிற்றைக் குளிரில் விடாமல் பார்த்துக்கொள். மெத்தைக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை.

மோரியோ


ஓய்ஷி
ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

வெயில் இன்னும் அடங்கவில்லை. அங்கே எல்லாரும் சௌக்கியமா?

பீச் வந்ததா இல்லையா? அழுகிப் போயிருந்தால் அதையாவது எழுதித் திட்டியிருக்கலாம். ஏரித் திருவிழா வாணவேடிக்கை முடிந்தது, முன்னோர்களை வரவேற்கிற நாட்களும் வந்து போய்விட்டன, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நோட்டைப் பற்றிச் சொன்னதற்குக் கோபமா? அதற்கெல்லாம் வாயடைத்துப் போகிற ஆளா நீ?

எனக்கொன்றும் கவலை இல்லை. யோஷினோதான் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

மோரியோ


ஃபுஜினோமியா
செப்டம்பர் 4

தம்பிக்கு,

காலையில் பூச்சிகளின் சத்தம் மாறிவிட்டது. நீயும் யோஷினோவும் நலம் என்று நம்புகிறேன்.

பீச் இனிப்பாக இருந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆகஸ்ட் முழுக்கத் தேயிலை பறிப்பு, நிமிர நேரமில்லை.

நீ எழுதியதைப் படித்தபோது லாவெண்டரும் ஏரியும் மலையுமாகக் கண்ணுக்குள் வந்தது. உன் பக்கம் அழகாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மிசாவோ


ஓய்ஷி
செப்டம்பர் 8

மதிப்பிற்குரிய தகேஜி அத்தானுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். பருவம், குளிர், வெயில் என்று விசாரித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, மன்னிக்க வேண்டும்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று? ஆகஸ்ட் முழுக்கத் தேயிலை பறித்தாளாம். ஆகஸ்டில் எந்தத் தோட்டத்தில் பறிக்கிறார்கள்? ஏரிக்காரன் என்பதற்காக எனக்கு அதுகூடத் தெரியாதா? அதைவிடப் பெரிய விஷயம், என் பக்கம் அழகாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து எனக்கு ஒரு பேச்சில்கூட விட்டுக்கொடுக்காதவள். கடிதத்தை யோஷினோவிடம் கொடுத்தேன். "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லைங்க" என்றாள், அந்த வரியை மட்டும் படித்துவிட்டு.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பதில் மட்டும் போடுங்கள்.

மோரியோ


ஃபுஜினோமியா
செப்டம்பர் 15

மாப்பிள்ளைக்கு,

இரவில் போர்வை தேவைப்படுகிறது. உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. மலையின் முகம் எங்கள் பக்கம்தான் என்பதிலும் மாற்றமில்லை. இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை கடைசியில் உன் அக்காவுக்கு வயிற்றில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஆகஸ்ட் முழுக்க ஆஸ்பத்திரி. மார்ச்சில் இன்னொரு தடவை அறுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். "அவன் பாவம் பாக்க ஆரம்பிச்சிட்டான்னா எனக்கு அப்புறம் சண்ட போட யாரு இருக்கா?" என்றாள். நான் எழுதியது தெரிந்தால் மார்ச்சுக்கு முன்னால் என்னை அறுத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்கிறேன். மலை தெரிகிற படுக்கைதான் வேண்டும் என்று நர்ஸிடம் அடம்பிடித்து வாங்கினாள். பக்கத்துப் படுக்கையில் எங்கள் ஊர்க்காரம்மா ஒருத்தி. ஒருநாள் தொலைக்காட்சியில் உங்கள் ஏரியைக் காட்டினார்கள். அந்தம்மா, "இந்தப் பின்பக்கத்துக்காரங்களுக்கு எவ்வளவு பவிசு பாரு, முதுகக் காட்டி ஊரையே ஏமாத்தறாங்க" என்றாள். தையல் போட்டு நாலு நாள் ஆகவில்லை, உன் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எதுடீ முதுகு? நான் பொறந்த பக்கம் அது! காத்தில்லாத காலைல அந்த ஏரிய ஒரு தடவ பாத்திருந்தீன்னா இப்படிப் பேசுவியா நீ?" என்று கத்தினாள். நர்ஸ் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் அசந்து நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையாக இருந்தது, ஏன் என்று கேட்காதே.

அவளுக்குத் தான் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும். கேட்க மாட்டாள். நீ கெஞ்சினால் வர மாட்டாள், இரக்கப்பட்டால் நிச்சயம் வர மாட்டாள். சண்டைக்குக் கூப்பிட்டால் வருவாள்.

முன்பக்கத்திலிருந்து,
சானோ தகேஜி


ஓய்ஷி
அக்டோபர் 3

அக்காவுக்கு,

பூங்காவில் லாவெண்டர் போய், உருண்டை உருண்டையான கோக்கியாச் செடிகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன. தேயிலை பறித்துக் களைத்திருப்பாய், நன்றாகச் சாப்பிடு. நான் எப்போதும்போல் நலம்.

என் பக்கம் அழகாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டலாம் என்று இருக்கிறேன். பதினோரு வருடச் சண்டையில் நீ தோற்றதற்கு உன் கையெழுத்திலேயே சாட்சி.

விடுதியில் புதிய ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறேன். வாசலில் பலகையே வைத்துவிட்டேன்: "மலை தெரியாவிட்டால் மறுபடி வரலாம்." தங்கிய மறுநாள் காலை மலை தெரியவில்லை என்று விருந்தாளி சொன்னால், அடுத்த முறை இலவசமாகத் தங்க முத்திரை குத்திய சீட்டு. விருந்தாளி சொல்வதுதான் தீர்ப்பு, நான் மறுபேச்சு பேசக் கூடாது. யோஷினோ, "பொய் சொன்னா என்ன செய்வீங்க?" என்றாள். "இந்த மலையப் பாத்துட்டுப் பாக்கலன்னு சொல்ற வாய் இன்னும் பொறக்கல" என்றேன். ஏரியைச் சுற்றிப் பல விடுதிகளில் இது இருக்கிறது. ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பலகை வைத்தவன் நான்.

மலை திரும்பினால்தான் வருவேன் என்றாயே, அதைப் பற்றியும் யோசித்தேன். காற்றில்லாத காலையில் ஏரிக்குள் எட்டிப் பார்த்தவளுக்கு நான் சொல்ல வேண்டுமா? மலை தலைகீழாக நிற்கிறது. நீ முகத்தைத் திருப்பத்தான் சொன்னாய், அது எனக்காகத் தலையையே திருப்பி நிற்கிறது. உன் சபதம் தீர்ந்தது. இனிமேலும் வராவிட்டால் பயந்துவிட்டாய் என்று அர்த்தம்.

நவம்பர் பதினாறு மாலை உனக்கும் அத்தானுக்கும் ஏரியைப் பார்த்த கிழக்கு மூலை அறை. நீ பிறந்த அறை அதுதான். காசு கொடுத்துத்தான் தங்க வேண்டும். நவம்பரில் எங்கள் மலை மறைவது அபூர்வம், ஆகவே இலவசச் சீட்டுக்கு ஆசைப்படாதே.

சளி பிடிக்காமல் வந்து சேர்.

மோரியோ


ஃபுஜினோமியா
நவம்பர் 9

தம்பிக்கு,

ஒருவழியாகக் குளிர் வந்துவிட்டது. வழக்கமாக அக்டோபர் தொடக்கத்திலேயே வெள்ளைத் தொப்பி போடுகிற மலை, இந்த வருடம் நவம்பர் வரை மொட்டைத் தலையோடு நின்றது. உன் விருந்தாளிகளிடம் எப்படி முகத்தைக் காட்டினாய்? முதல் பனி அறிவிப்பு உங்கள் பக்கத்து வானிலை ஆபீஸ்காரர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் செல்லும் என்று குதிப்பாயே. ஆறாம் தேதியே எங்கள் மாடியிலிருந்து பனி தெரிந்தது. உங்கள் ஆட்கள் மேகம் மறைக்கிறது என்று மறுநாள்தான் பார்த்தார்கள். வாசலில் இருப்பவர்களுக்கு முதலில் தெரியும், கொல்லையில் இருப்பவர்களுக்கு மெதுவாகத் தெரியும். நீ குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பாய்.

நான் தோற்றதற்குச் சாட்சி என்று நீ மாட்டுகிற சட்டத்தைக் கழற்றி எடுக்க வருகிறேன். வேறு எதற்கும் அல்ல. தண்ணீரில் தெரிகிற நிழல் திரும்பியதாகக் கணக்கில் வராது, ஆனாலும் அம்மாவின் சடங்கு என்பதால் போனால் போகிறது என்று விடுகிறேன். காசு கொடுத்தே தங்குகிறேன். அவரும் வருகிறார். பேச்சை அளந்து பேசு.

பூசணிக்காய் போட்ட ஹோதோ நூடுல்ஸ் செய்யச் சொல் யோஷினோவை. வயிற்றுக்கு மிருதுவாக இருந்தால் போதும்.

மிசாவோ


ஃபுஜினோமியா
நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கும் யோஷினோவுக்கும்,

முதல் உறைபனி விழுந்துவிட்டது. அன்று ஓடியாடி வேலை செய்த களைப்பு இருவருக்கும் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம்.

சடங்கு நிறைவாக நடந்தது. அம்மா பார்த்திருந்தால் பிக்குவின் குரல் சரியில்லை என்று மட்டும் சொல்லியிருப்பாள். முந்தின நாள் ராத்திரி ஆண்கள் இருவரும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டீர்கள். நீ என்ன உளறப் போகிறாயோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "அத்தான், மலைக்கு முகமும் கெடையாது முதுகும் கெடையாது" என்று நீ தொடங்கினாய். அவரோ, "அப்படிச் சொல்லாத மாப்ளே, அதையும் விட்டுட்டா நாம எதப் பத்திப் பேசறது?" என்றார். வண்டியில் வரும்போதும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

வீட்டை நன்றாக வைத்திருக்கிறாய். கூரையை மாற்றியிருக்கிறாய், ஜன்னலைப் பெரிதாக்கியிருக்கிறாய். நான் விட்டுவிட்டுப் போன வீடு சிறுத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன், பெரிதாகியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம். இதை ஒரு தடவைதான் எழுதுவேன், சட்டம் போட்டுக்கொள்.

இன்னொன்று. புறப்படுகிற அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டேன். பதினேழாம் தேதி காலையில் எங்கள் அறையிலிருந்து மலை தெரியவில்லை. மேல்தளத்தில் எல்லாரும் ஆகா ஊகூ என்று கத்திக்கொண்டிருந்தார்கள், என்னத்தைக் கண்டார்களோ. எனக்கு எதுவும் தெரியவில்லை. ஏரிக்குள் ஏதோ தலைகீழாக நின்றது, அதை மலை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விருந்தாளி சொல்வதுதான் தீர்ப்பு என்று உன் பலகை சொல்கிறது.

ஆகவே சீட்டை அனுப்பி வை. மார்ச்சில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வர முடியும். ஏப்ரல் கடைசி என்று போடு.

மிசாவோ


ஓய்ஷி
நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

மேப்பிள் இலையெல்லாம் கொட்டிவிட்டது. காலையில் படகுத்துறைப் பலகை வழுக்குகிறது. நீ எப்படி இருக்கிறாய், அத்தான் எப்படி இருக்கிறார்? கெட்டியான உள்சட்டை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், குளிர் எங்கள் பக்கத்தைவிட அங்கே குறைவுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பாதே.

பதினேழாம் தேதி காலை. இந்த வருடத்திலேயே அப்படி ஒரு காலை இங்கே விடியவில்லை. பொட்டுக் காற்றில்லை. புதுப் பனியோடு மலை மேலே ஒன்றும் தண்ணீரில் ஒன்றுமாக நின்றது. உச்சி சிவந்தபோது முப்பது வருடமாக இங்கே படம் எடுக்கிற ஆள்கூடக் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். நான் தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கிழக்கு மூலை அறையின் ஜன்னல் நன்றாகத் தெரியும். அங்கே யார் நின்று பார்த்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

சீட்டு இத்துடன் இருக்கிறது. "நவம்பர் 17 காலை, மலை தெரியவில்லை" என்று என் கையால் எழுதி விடுதி முத்திரையைக் குத்தியிருக்கிறேன். யோஷினோ எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மேகம் இருந்த நாள்லயே திட்டுத் திட்டா தெரியுதுன்னு சாதிக்கிற ஆளாச்சே நீங்க, இதுல எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள். "விருந்தாளி சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ண?" என்றேன். அவள் கைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முழங்கால் வலியாக இருக்கும்.

மார்ச் வேலையை நன்றாக முடி. அவசரப்படாதே. ஏப்ரல் கடைசியில் கரையெல்லாம் செர்ரி பூத்திருக்கும். கிழக்கு மூலை அறையை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அப்போது வந்து தங்கிவிட்டு, அன்றைக்கும் தெரியவில்லை என்று சொல். இன்னொரு சீட்டுக் குத்தித் தருகிறேன். அதற்கடுத்த முறையும் சொல்.

நேற்று மலைக்கோயிலுக்குப் போனேன். கையைத் தட்டி, தலை குனிந்து, என் அக்கா வருகிற ஒவ்வொரு நாளும் மேகம் மூடி மலை தெரியாமலே போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இந்த ஏரிக்கரையில் விடுதி வைத்துக்கொண்டு அப்படி வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உன் தம்பி
மோரியோ